அவுட்போர்டு மோட்டாரை எந்த உயரத்தில் மாட்டுவது?

செட்டிநாட்டுக்குக் கடற்கரை கிடையாது. கண்மாயும் ஊருணியும்தான் உண்டு. ஆனாலும் காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ வண்டியை எடுத்தால், தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று பாக் நீரிணைக் கரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். தூண்டிலுக்கோ சிறு வலைக்கோ ஒரு ஃபைபர் படகை வாங்கி, கைமாறி வந்த அவுட்போர்டு மோட்டார் (படகுக்கு வெளியே, பின்பக்கம் தொங்கும் எஞ்சின்) ஒன்றை அதில் மாட்டுகிறவர்களுக்கு வரும் குழப்பம் பெரும்பாலும் ஒன்றுதான். மோட்டார் கத்துகிறது, படகு நகரவில்லை. ஒரு மெக்கானிக் "மேலே தூக்குங்க" என்கிறார், இன்னொருவர் "கீழே இறக்குங்க" என்கிறார். இருவரும் சொல்வது சரியாகவே இருக்கலாம். எந்தப் படகுக்கு, எவ்வளவு சுமைக்கு, எந்தத் தண்ணீருக்கு என்று கேட்காமல் சொல்வதில்தான் தகராறு.

இந்த உயரம் கையேட்டில் அச்சிட்டு வரும் ஒற்றை எண் அல்ல. கரையில் அளந்து ஓர் இடத்தில் தொடங்கி, சுமையோடு தண்ணீரில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அதற்கு முன் எதை எங்கிருந்து அளக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

இரண்டே அளவுகள்

படகின் பின்பக்கம் மோட்டார் தொங்கும் நிமிர்ந்த பலகையை டிரான்சம் என்பார்கள். இங்கே பின்பலகை என்றே சொல்லிக்கொள்வோம். மோட்டாரின் கீழ்ப்பகுதியில், புரொப்பெல்லருக்கு நேர் மேலே, கிடையாக ஒரு தகடு இருக்கும். பட்டறைகளில் இதைக் கேவிட்டேஷன் பிளேட் என்பார்கள்.

1. பின்பலகையின் உயரம்: பலகையின் மேல் விளிம்பிலிருந்து, நடுக்கோட்டில், படகின் அடிப்பாகம் வரை. அடியில் ஏரா (படகின் அடி நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகுக் கட்டை) பின்பலகை வரை ஓடி வந்திருந்தால் ஏராவின் அடி வரைக்கும் அளக்க வேண்டும். பலகை சாய்ந்திருந்தால் சாய்வை ஒட்டியே அளக்கலாம்.

2. ஷாஃப்ட் நீளம்: பின்பலகை விளிம்பில் உட்காரும் கிளாம்ப் கொக்கியின் உட்புறத்திலிருந்து அந்தத் தகடு வரை. புரொப்பெல்லர் நடு வரை அல்ல. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள்.

சந்தையில் ஷாஃப்ட் நீளம் பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்று வருகிறது. 15 என்றால் ஷார்ட், 20 என்றால் லாங், 25 என்றால் எக்ஸ்ட்ரா லாங். கைமாறிய மோட்டாரை வாங்கும்போது மாடல் பெயரை நம்ப வேண்டாம், டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

அந்தத் தகடு எதற்கு?

புரொப்பெல்லர் சுழலும்போது இறக்கைகளின் முன்புறம் அழுத்தம் குறைகிறது. மேற்பரப்பு பக்கத்தில் இருந்தால் அந்தக் குறைந்த அழுத்தம் மேலிருந்து காற்றை உறிஞ்சிவிடும். இறக்கைக்குத் தண்ணீருக்குப் பதில் காற்றும் நுரையும் கிடைக்கும். பிடிமானம் போய்விடும். சங்கிலி கழன்ற சைக்கிளை மிதிப்பது போல மோட்டார் வெறுமனே வேகமெடுக்கும், படகு இழுபடாது. இதற்கு வென்டிலேஷன் என்று பெயர். காற்று கீழே இறங்காமல் மூடிபோல் தடுப்பதுதான் தகட்டின் வேலை.

கேவிட்டேஷன் வேறு. இறக்கையில் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீரே சாதாரண வெப்பத்தில் ஆவிக் குமிழாகி, அந்தக் குமிழ்கள் உடையும்போது இறக்கையின் உலோகத்தில் சிறு குழிகள் விழுவது. விளிம்பு நசுங்கிய புரொப்பெல்லரில் இது வரும். தகட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மோட்டாரை ஏற்றி இறக்கிச் சரிசெய்கிற கோளாறு அநேகமாக வென்டிலேஷன்தான்.

தகட்டுக்குக் கீழே, பக்கவாட்டில், குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் சிறு துளைகள் இருக்கின்றன. உயரத்தைத் தீர்மானிக்கும்போது புரொப்பெல்லரைப் போலவே இவையும் முக்கியம். இவை காற்றைக் குடித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரை இழுக்கும் பம்பின் சக்கரம்) உலர்ந்து ஓடும். அது கெட்டுப்போக நேரமே ஆகாது.

கரையில் தொடக்க நிலை

மோட்டாரை நேராக நிறுத்தி, தகடு படகின் அடிக்கு இணையாக வரும்படி மோட்டாரின் சாய்வை நிறுத்தும் ஊசியைச் சரியான துளையில் போடுங்கள். நேரான அலுமினியக் குழாய் ஒன்றைப் படகின் அடியில் ஒட்டிப் பிடித்துப் பின்னால் மோட்டார் வரை நீட்டுங்கள். அதற்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளிதான் நாம் பேசும் உயரம்.

தகடு அடிமட்டத்துக்கு நேராக, அல்லது அதிலிருந்து 1 அங்குலம் கீழே இருப்பது பாதுகாப்பான தொடக்கம். கனமான, மெதுவான படகுக்கு 1 முதல் 2 அங்குலம் கீழே.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பின்பலகை 17 அங்குலம். 15 அங்குல மோட்டாரை மாட்டினால் தகடு அடிமட்டத்துக்கு 2 அங்குலம் மேலே நிற்கும், நிச்சயம் காற்றை உறிஞ்சும். 20 அங்குல மோட்டாரை மாட்டினால் 3 அங்குலம் கீழே போகும், இழுவை கூடும். இரண்டுமே பொருந்தாதபோது எதை எடுப்பது? நீளமானதைத்தான். நீண்டதைக் கட்டை கொடுத்து உயர்த்தலாம். குட்டையானதை இறக்க வழியில்லை. பின்பலகையை வெட்டித் தாழ்த்தினால் இறங்கும் என்பார்கள். அதைச் செய்யவே கூடாது. பின்னாலிருந்து வரும் அலை படகுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தப் பலகையின் உயரம்தான்.

கட்டை கொடுப்பதிலும் முறை உண்டு. பலகைமேல் ஒரு துண்டை வைத்துக் கிளாம்பை முறுக்கினால் போதாது. கிளாம்ப் திருகுகள் அந்தத் துண்டை மட்டும் கடித்துக்கொண்டு, ஒரு பெரிய அலையில் மோட்டாரோடு சேர்ந்து கழன்றுவிடும். துண்டின் முன்னும் பின்னும் பலகை கொடுத்து, பழைய பின்பலகையையும் ஊடுருவிப் போகும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் பிணைக்க வேண்டும். மொத்தத் தடிமன் கிளாம்ப் வாய்க்குள் அடங்க வேண்டும். மரம் தேக்காக இருந்தால் நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இடித்த வீட்டுத் தேக்கு அலங்காரத்துக்காக விலைபோகிறது. அதில் ஒரு துண்டு மறுபடி கடலுக்குப் போவதில் தப்பில்லை, அந்தத் தேக்கில் நிறைய பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததுதானே. ஃபைபர் பின்பலகைகளுக்குள்ளே பெரும்பாலும் பிளைவுட்தான் இருக்கும். போல்ட் துளையில் சீலன்ட் வைக்காவிட்டால் தண்ணீர் இறங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே உளுத்துவிடும்.

சிலர் மோட்டாரைப் பின்பலகையில் நேரடியாக மாட்டாமல், பின்னால் தள்ளி ஒரு பிராக்கெட்டில் தொங்கவிடுவார்கள். ஓடும் படகின் அடியைவிட்டு விலகிய தண்ணீர் பின்னால் போகப் போக மெல்ல மேலே எழும்புகிறது. அதனால் பின்னால் தள்ளும் ஒவ்வொரு 8 முதல் 12 அங்குலத்துக்கும் மோட்டாரைச் சுமார் 1 அங்குலம் உயர்த்தலாம் என்பது நடைமுறைக் கணக்கு.

தாழ்ந்தால் என்ன, உயர்ந்தால் என்ன

தாழ்வாக மாட்டிய மோட்டார் உடனே தொல்லை தராது. அதனால்தான் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விலை பெட்ரோலில் தெரியும். கியர் பெட்டியும் அதற்கு மேலுள்ள தடித்த காலும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் இழுவை கூடுகிறது, முழு திராட்டிலில் எஞ்சின் தன் சுழற்சியை எட்டாமல் திணறுகிறது. ஸ்டியரிங் கை கனக்கிறது. பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் நீளமாகச் சீறி உள்ளே தெறிக்கிறது. பவர்ஹெட், அதாவது மேலே இருக்கும் எஞ்சின் பகுதி, தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இன்னொன்றை யாரும் நினைப்பதில்லை. நங்கூரமிட்டு மோட்டாரை மடக்கித் தூக்கினாலும் கீழ்ப்பகுதி முழுதாக வெளியே வராது. உப்புத் தண்ணீரில் இராப்பகலாக ஊறும் அலுமினியம் அரிக்கும், சிப்பியும் பாசியும் ஒட்டும். தகட்டை ஒட்டி ஒரு தியாக உலோகக் கட்டி இருக்கும், பெரும்பாலும் துத்தநாகம். மோட்டாருக்குப் பதிலாக அது கரைவதற்காக வைத்தது. அதற்குப் பெயின்ட் அடித்துவிட்டால் வேலை செய்யாது. அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடியிலேயே வைத்துக்கொண்டு, நம் ஊர்க்காரர்கள் அந்தக் கட்டிக்குப் பெயின்ட் அடிப்பது கொஞ்சம் வேடிக்கை.

உயரமாக மாட்டியது உடனே காட்டிக்கொடுக்கும். திருப்பத்தில் சட்டென்று எஞ்சின் கத்தும். அலையில் பின்பக்கம் எழும்போதெல்லாம் கத்தும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது நுரை மட்டும் வரும். எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வெளியே பீய்ச்சும் தண்ணீர்த் தாரை மெலிந்து விட்டுவிட்டு வரும். சுமையில்லாமல் சுழலும் எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிப் போவதும், பிறகு புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடிக்கும்போது கியரில் விழும் அடியும் மோட்டாரின் ஆயுளைக் குறைக்கும்.

இரண்டில் எது மோசம் என்று கேட்டால், உயரமாக மாட்டுவதுதான். தாழ்ந்தால் பணம் போகும். உயர்ந்தால் கரையிலிருந்து தொலைவில் எஞ்சின் போகும்.

படகு எழும்பி ஓடுகிறதா, மிதந்து ஓடுகிறதா

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதிக்கும் மேல் "உயர்த்து, வேகம் கூடும்" என்றே இருக்கும். அவை தண்ணீர்மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும் இலகுவான படகுகளுக்குச் சொன்னவை. அப்படி ஓடும்போது தகடு தண்ணீரின் மேற்பரப்பை உரசிக்கொண்டு, பின்னால் எட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கலாம். இழுவை குறையும், வேகம் கூடும். உண்மைதான்.

ஆனால் 9.9 குதிரைத்திறன் மோட்டாரோடு வலை, ஐஸ் பெட்டி, மூன்று நான்கு ஆட்கள் என்று போகும் ஒரு வள்ளம் எழும்பி ஓடுவதில்லை. அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மிதந்தே போகிறது. அந்த வேகத்தில் மோட்டார் காலின் இழுவை பெரிய விஷயமில்லை. புரொப்பெல்லர் ஆழத்தில், கலங்காத தண்ணீரில் இருப்பதே பெரிது. இந்தப் படகுக்காரர் எங்கோ வேகப் படகில் பார்த்ததை நம்பி 2 அங்குலம் உயர்த்தினால் லாபம் எதுவும் கிடைக்காது, நஷ்டம் மட்டும் வரும். முதலில் உங்கள் படகு எந்த ரகம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மிதந்து ஓடும் ரகம் என்றால் அடிமட்டத்துக்கு 1 முதல் 2 அங்குலம் கீழே வைத்து, திருப்பத்திலும் அலையிலும் கத்தாமல் இருந்தால் அதோடு விட்டுவிடலாம். கீழே வரும் சோதனை எழும்பி ஓடும் படகுக்கு.

தண்ணீரில் சோதனை

தேவை மூன்று: பிளக் வயரில் சுற்றிவைக்கும் சிறிய டாக்கோமீட்டர் (எஞ்சின் சுழற்சியை அளப்பது), செல்போனில் ஜி.பி.எஸ். வேகம், கூட ஓர் ஆள். ஓட்டுகிறவர் அவசர நிறுத்தக் கயிற்றை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும், திருப்பச் சோதனையில் ஆள் விழுவது நடக்கிற காரியம்.

1. வழக்கமாகக் கொண்டுபோகும் சுமையை ஏற்றுங்கள். வெறும் படகில் எடுத்த அளவு வெறும் படகுக்கு மட்டுமே செல்லும்.

2. முழு திராட்டிலில் போகும்போது ஒரு முறை, திரும்பி வரும்போது ஒரு முறை வேகத்தையும் சுழற்சியையும் குறித்துச் சராசரி எடுங்கள். காற்றும் நீரோட்டமும் ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைக்கும்.

3. இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். தண்ணீர்த் தாரையைப் பாருங்கள்.

4. மோட்டாரை அரை முதல் முக்கால் அங்குலம் உயர்த்துங்கள். போல்ட் துளையுள்ள மோட்டார்களில் ஒரு துளை ஏறக்குறைய முக்கால் அங்குலம். மறுபடி 2, 3-இல் சொன்னதைச் செய்யுங்கள்.

5. சுழற்சி கூடி வேகமும் கூடினால் இன்னும் ஒரு படி போகலாம். சுழற்சி கூடி வேகம் நின்றுவிட்டால், அல்லது குறைந்தால், ஒரு படி இறங்குங்கள். திருப்பத்தில் கத்தினாலும் தாரை மெலிந்தாலும் அப்படியே.

சுழற்சி மட்டும் ஏன் ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. புரொப்பெல்லரின் பிட்ச் 9 அங்குலம், அதாவது வழுக்கல் இல்லையென்றால் ஒரு சுற்றுக்கு 9 அங்குலம் முன்னேற வேண்டும். கியர் விகிதம் 2 என்று வைப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் புரொப்பெல்லர் 2500. வழுக்கலே இல்லாவிட்டால் மணிக்கு 34.3 கிலோமீட்டர் போக வேண்டும். ஜி.பி.எஸ். 27 காட்டினால் வழுக்கல் சுமார் 21 சதவீதம். இப்போது மோட்டாரை உயர்த்துகிறோம். சுழற்சி 5200 ஆகிறது, கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. கணக்குப்படி 35.7 போக வேண்டும், ஜி.பி.எஸ். காட்டுவதோ 26. வழுக்கல் 27 சதவீதம். கூடிய 200 சுற்றும் நுரையில் போய்விட்டது.

கடைசியில் நிற்கும் உயரத்தில், முழு திராட்டில் சுழற்சி கையேட்டில் சொன்ன வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பல சிறு மோட்டார்களுக்கு அது 5000 முதல் 6000, சிலவற்றுக்கு 4500 முதல் 5500. உயரம் சரியாக இருந்தும் வரம்புக்குள் வரவில்லை என்றால் குற்றம் புரொப்பெல்லரில். பிட்ச் 1 அங்குலம் குறைத்தால் சுழற்சி சுமார் 150 முதல் 200 வரை கூடும். உயரத்தை வைத்துப் பிட்சைச் சரிசெய்ய முயல்வது வீண்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அடிமட்டத்துக்குச் சரியாக வைத்தும் நேர் ஓட்டத்திலேயே எஞ்சின் விட்டுவிட்டுக் கத்தினால், ஏராவைப் பாருங்கள். கனமான ஏரா மொட்டையாகப் பின்பலகையில் முடிந்தால் அதன் பின்னால் சுழலும் நுரைநீர் நேராகப் புரொப்பெல்லருக்குள் போகும். மோட்டாரை 1 அங்குலம் இறக்கிப் பார்க்கலாம். தீராவிட்டால் படகு கட்டுகிறவரிடம் சொல்லி ஏராவின் பின்முனையைச் சரிவாகத் தேய்த்து முடிக்கச் சொல்வதுதான் வழி.

பாக் நீரிணையில் இது ஏன் கூடுதல் சிக்கல்

இந்தக் கடல் ஆழமில்லாதது, பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. தொண்டிப் பக்கம் கரையோரத்தில் வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீரில் நடந்து போகலாம். அதனால் தரை தட்டக் கூடாதென்று மோட்டாரை நிரந்தரமாக உயர்த்தி மாட்டிவிடும் ஆசை வரும். அப்புறம் வாடைக்காற்றுக் காலம் வரும். ஆழமில்லாத கடலில் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து எழும். பின்பக்கம் தூக்கிப் போடும் ஒவ்வொரு அலையிலும் உயர்த்திய மோட்டார் காற்றைக் குடிக்கும்.

உயரத்தை ஆழ்கடல் ஓட்டத்துக்கும் வாடை அலைக்கும் ஏற்றபடி வையுங்கள். கரையோரத்தைச் சாய்வைக்கொண்டு சமாளியுங்கள். பல சிறு மோட்டார்களில் ஆழமில்லாத தண்ணீருக்கென்றே ஒரு சாய்வு நிலை இருக்கிறது. அதில் மெதுவாக மட்டுமே ஓட்ட வேண்டும், உறிஞ்சு துளைகள் தண்ணீருக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே. சாய்த்த நிலையில் வேகம் கொடுத்தால் மோட்டார் படகின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தும். தரைக்குத் தப்பிக்கச் சாய்த்தது தரையையே தேடிப் போகும்.

ஆழமில்லாத இடத்தில் கடற்புல் வேறு. தாழ்ந்த புரொப்பெல்லர் புல்லை வேரோடு கிழித்துப்போகும், அந்தத் தடம் மூட வெகுகாலம் ஆகும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில் 2022 செப்டம்பரில் அறிவித்த கடற்பசு பாதுகாப்பகம் இந்தப் புல்லை நம்பித்தான் இருக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த உயிருக்கு அதுவே உணவு. மோட்டாருக்கும் புல் ஆகாது, உறிஞ்சு துளைகளை அடைத்துவிடும். இங்கேதான் நோயை மாற்றிக் கணிக்கும் ஆபத்து. தாரை வேகத்தில் மட்டும் மெலிந்து, மெதுவாகப் போகும்போது நன்றாக வந்தால் உயரத்தைச் சந்தேகியுங்கள். எல்லா வேகத்திலும் மெலிந்திருந்தால் துளையில் அடைப்பு அல்லது தேய்ந்த இம்பெல்லர், உயரத்தைத் தொட வேண்டாம். கண்மாயில் ஓட்டுகிறவர்களுக்கு இதே கதை, புல்லுக்குப் பதில் சேறும் ஆகாயத்தாமரையும்.

பக்கவாட்டில் மாட்டும் வள்ளங்கள்

இரு முனையும் கூர்ந்த பழைய பாணி வள்ளத்தில் பின்பலகையே கிடையாது, மோட்டார் பக்கவாட்டில் ஒரு சட்டத்தில் தொங்கும். மேலே சொன்ன "அடிமட்டத்துக்கு நேராக" என்பது இங்கே செல்லாது. படகு மறுபக்கம் சாயும்போதெல்லாம் மோட்டார் இருக்கும் பக்கம் எழும், புரொப்பெல்லர் வெளியே வந்துவிடும். சுமையேற்றிய படகில் ஆட்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்க, நின்ற நீரின் மேற்பரப்பிலிருந்து தகடு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, அலைச் சாய்வுக்காக இன்னும் 2 அங்குலமாவது கூட்டிக்கொள்வது நல்லது. 15 அங்குல ஷாஃப்ட் இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதாது. சட்டத்தின் கட்டும் போல்ட்டும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இறுக்கிப் பார்க்க வேண்டியவை, மோட்டாரிலிருந்து படகுக்கு ஒரு தனிச் சங்கிலியும் இருக்கட்டும்.